விக்கிரகம் உடைத்தவர்களின் விக்கிரகம்

பங்க் ராக் இசை 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவெடுத்தது. வேகமான சிறு பாடல்கள், மூன்று கார்டுகளுக்குள் அடங்கிவிடும் கிட்டார், பயிற்சி பெறாத குரல் ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். உள்ளே இருந்தது ஒரு மறுப்பு. அன்றைய பெரிய ராக் குழுக்கள் விளையாட்டரங்குகளில் பல்லாயிரம் பேருக்கு எட்டாத உயரத்தில் மேடை போட்டுப் பாடின. அந்த உயரமே தவறு என்றது பங்க். பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தளத்தில் நிற்பவர்கள், இன்று கேட்கிறவர் நாளை பாடலாம் என்பது அதன் கொள்கை. ஐம்பது ஆண்டுகளுக்குள் அதே குழுக்களுக்குக் கல்லறைப் பயணமும் வெண்கலச் சிலையும் அருங்காட்சியகமும் வந்து சேர்ந்துவிட்டன. இங்கே எழும் கேள்வி சமயத் தத்துவத்துக்கு மிகப் பழையது. உருவங்களை மறுத்தவர்களையே உருவமாக்கி வணங்கினால், அது அவர்களுக்குக் காட்டும் விசுவாசமா, செய்யும் துரோகமா? அதற்கும் முன்னதாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ரசிகரின் அன்பை வழிபாடு என்று சொல்லத்தான் முடியுமா?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இல் வெளியிட்ட 'சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள்' என்ற நூல் இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வழி திறக்கிறது. கடவுள் நம்பிக்கை இருந்தால்தான் சமயம் என்ற கருத்தைப் பௌத்தத்தைச் சான்று காட்டி அவர் ஒதுக்கினார். சில பொருள்களை அன்றாடப் புழக்கத்திலிருந்து பிரித்துப் புனிதமென விலக்கி வைப்பதும், அவற்றைச் சுற்றி ஒரு கூட்டம் ஒன்றுபடுவதும் அவருக்குப் போதுமானவை. மக்கள் நெருங்கிக் கூடும் வேளையில் ஒவ்வொருவரும் தன்னை மறக்கும் பரவசம் ஒன்று பிறக்கிறது. அதைக் கூட்டமே பிறப்பித்தது என்று அறியாமல், எதிரே நிற்கும் சின்னத்தின் ஆற்றல் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியத் தொல்குடிகள் பற்றிய குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்ட இந்த விளக்கம், துர்கைம் நினைத்தே பார்த்திராத ஒரு குலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் ராமோன்ஸ்.

1974-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நான்கு இளைஞர்கள் தொடங்கிய குழு அது. அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. டிரம்ஸ் வாசித்த டாமி புடாபெஸ்டில் பிறந்த ஹங்கேரியர். ஆயினும் நால்வரும் தத்தம் குடும்பப் பெயரைக் கழற்றிவைத்துவிட்டு ஜோயி ராமோன், ஜானி ராமோன், டீ டீ ராமோன், டாமி ராமோன் என்று ஆனார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒருகாலத்தில் வைத்துக்கொண்டிருந்த புனைபெயரிலிருந்து எடுத்த பெயர் இது. பின்னால் வந்து சேர்ந்த மார்க்கி, ரிச்சி, சி.ஜே. ஆகியோரும் அதே பெயரைச் சூடினர். குலத்தாரை இணைப்பது இரத்த உறவைக் காட்டிலும் பொதுப் பெயரே என்று துர்கைம் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1980களில் ஜோயியின் காதலி அவரை விட்டு ஜானியோடு சென்றபின் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் நின்று வாசித்த அந்த இருவருக்கும் இடையே பல ஆண்டுகள் மௌனம்தான். அது குலப்பெயரைத் தொடவில்லை. 1996 ஆகஸ்டில் ஹாலிவுட்டில் கடைசி நிகழ்ச்சி நடத்தியபோது அவர்கள் 2,263 மேடைகள் கண்டிருந்தார்கள்.

துர்கைமின் நூலில் இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஒரு குலம் கங்காருவைத் தன் சின்னமாகக் கொண்டால், அந்த விலங்கைவிட விலங்கைக் குறித்துக் கல்லிலோ மரத்திலோ தீட்டிய உருவமே கூடுதல் புனிதம் பெறுகிறது என்கிறார். ராமோன்ஸின் நண்பரும் மேடை ஒளி அமைப்பாளருமான ஆர்ட்டூரோ வேகா அமெரிக்க அதிபரின் முத்திரையைப் பார்த்து ஒரு சின்னம் வரைந்தார். கழுகின் காலில் இருந்த அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை, ஒலிவக் கிளைக்குப் பதில் ஆப்பிள் கிளை, சுற்றிலும் நால்வர் பெயர். இந்தச் சின்னம் அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட் குழுவின் இசைத்தட்டுகளைவிட அதிகம் விற்றது என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரு பாடலும் கேட்டிராதவர்கள்கூட அதை அணிகிறார்கள். பழைய ரசிகர்களுக்கு இதில் பெரிய மனத்தாங்கல். கோபத்தில் நியாயம் உண்டு என்றாலும், கங்காரு குறைந்து உருவம் ஓங்கும் என்ற விதிக்கு விலக்கு கேட்பது கடினம்.

இனிப் பொருள்களுக்கு வரலாம். பௌத்த மரபு வணக்கத்துக்குரிய நினைவுப் பொருள்களை மூன்றாகப் பகுக்கிறது. உடலின் எச்சம் முதல் வகை. கண்டியில் உள்ள புத்தரின் பல் இதைச் சேர்ந்தது. புத்தர் கையாண்ட திருவோடு, அவர் அமர்ந்த போதி மரம் போன்றவை இரண்டாம் வகை. அவரை நினைவூட்டுவதற்காகவே செய்த உருவங்கள் மூன்றாம் வகை. கத்தோலிக்கரின் திருப்பண்ட வகைப்பாடும் உடல், உடைமை என்றே தொடங்குகிறது. ராக் ரசிகர் உலகம் இந்த நூல்களைப் படித்து நடக்கவில்லை. ஆனாலும் இதே பகுப்புக்குள் வந்து விழுகிறது.

முதல் வகைக்குப் பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் சாட்சி. டோர்ஸ் குழுவின் ஜிம் மாரிசன் 1971 ஜூலை 3-இல் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். ரசிகர்கள் அயலாரின் கல்லறைகளிலும் எழுதிக் கிறுக்கினார்கள். கடைசியில் மாரிசனின் கல்லறையைச் சுற்றித் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. 1981-இல் அங்கு வைத்த மார்பளவுச் சிலை 1988-இல் களவு போய், 2025-இல் பிரெஞ்சுப் போலீஸ் வேறொரு வழக்கை விசாரித்தபோது தற்செயலாகக் கிடைத்தது. திருட்டும் பக்தியின் பழைய துணைதான். அலெக்சாந்திரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலை 828-இல் வெனிஸ் வணிகர்கள் கடத்தி வந்தார்கள் என்பதை அந்நகரம் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. நியூயார்க்கில் ஜோயி ராமோன் பெயரை 2003-இல் ஒரு தெருமுனைக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர்ப்பலகை அடிக்கடி காணாமல் போனதால், சுமார் 20 அடி உயரத்துக்கு ஏற்றி மாட்டினார்கள். உயரத்தை வெறுத்த இசைக்கு நேர்ந்த வேடிக்கை இது.

இரண்டாம் வகையில்தான் தத்துவச் சிக்கல் கூர்மையாகிறது. பங்க் இசையின் வாரிசு என்று தன்னைக் கருதிய நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், 1993 நவம்பரில் எம்டிவி ஒலிப்பதிவின்போது போட்டிருந்த பழைய கம்பளிச் சட்டை 2019-இல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. கறைகளோடு, துவைக்கப்படாமல் வைத்திருந்தார்கள். அதுவே அதன் சிறப்பாகவும் சொல்லப்பட்டது. அதே நிகழ்ச்சியில் அவர் வாசித்த மார்ட்டின் கிட்டார் மறு ஆண்டு 60 லட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது. துவைத்தால் சட்டைக்கு என்ன குறையும்? இழை அதேதான், நிறம் அதேதான். உளவியலாளர்கள் ஜார்ஜ் நியூமன், கில் டீசென்ட்ரக், பால் புளூம் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. விரும்பப்படும் பிரபலத்தின் உடையைக் கிருமிநீக்கம் செய்துவிட்டால், அதை வாங்கும் ஆசை குறைகிறது என்று கண்டார்கள். ஒருமுறை தொட்டவை தொட்டபடியே பிணைந்திருக்கும் என்ற நம்பிக்கையை ஜேம்ஸ் ஃபிரேசர் 'தங்கக் கிளை' நூலில் மந்திரத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வகுத்திருந்தார். தொன்மையான மனத்தின் பிழை என்று அவர் கருதியது ஏலக்கூடத்தில் விலைப்பட்டியலாக நிற்கிறது.

இதை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது அவசரம். பொருளின் வரலாறும் பொருளின் ஒரு பகுதியே என்று கருதுவதில் முரண் ஏதும் இல்லை. தாயின் கையெழுத்துக் கடிதத்தையும் அதன் ஒளிநகலையும் எவரும் சமமாக மதிப்பதில்லை. வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திர நகலாக்கம் கலைப்பொருளின் தனித்த ஒளிவட்டத்தை மங்கச் செய்யும் என்றார். இசைத்தட்டு நகலாகவே பிறப்பது, எனவே அதற்கு மூலம் என்று ஒன்று கிடையாது. ரசிகரின் பக்தி சட்டையையும் கிட்டாரையும் தேடிப் போவதற்கு இந்த இல்லாமையே காரணம் என்று தோன்றுகிறது. எங்கும் கிடைக்கும் இசைக்கு ஓரிடத்தில் மட்டுமே இருக்கும் உடல் ஒன்றை அது கண்டுபிடித்துத் தருகிறது. சில வேளை இந்தத் தேடல் அபத்தத்தின் எல்லைக்கே போகும். ராமோன்ஸ் வளர்ந்த சிபிஜிபி என்ற நியூயார்க் மதுக்கூடம் 2006-இல் மூடப்பட்டது. அதன் அழுக்கேறிய கழிப்பறையை மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2013-இல் பங்க் உடைகள் பற்றிய கண்காட்சிக்காக மறுபடி கட்டிக் காட்டியது.

பொருளைத் தவிர, சாட்சிகளும் உண்டு. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பது பொதுவான கணக்கு. நேரில் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களோ அந்தக் கூடத்தில் அடங்கவே மாட்டார்கள். இதைப் பற்றியே ஒரு நூல் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் கண்டவர் என்ற தகுதி, பின்வந்த தலைமுறைக்கு எட்டாத பெருமையாக மாறுவது சமய வரலாற்றில் பழகிய காட்சி. ஆனால் அந்த இரவு முக்கியமானது வேறு காரணத்தால். வந்திருந்த பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். நண்பர் பெர்னார்ட் சம்னருடன் சேர்ந்து அவர் தொடங்கிய முயற்சி ஜாய் டிவிஷன் என்ற குழுவாயிற்று. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் பஸ்காக்ஸ் குழுவைத் தொடங்கியவர்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மேடையில் கண்டவர்களை வணங்கி வீட்டுக்குப் போகவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது, இனி வரும் வாதத்துக்கு உதவும்.

உருவங்களைப் பற்றிக் கிறிஸ்தவ உலகம் நூறாண்டுக்கு மேல் சண்டையிட்டிருக்கிறது. பைசாந்தியப் பேரரசர்கள் எட்டாம் நூற்றாண்டில் திருவுருவங்களை அழிக்க ஆணையிட்டார்கள். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயப் பொதுச்சங்கம் ஒரு வேறுபாட்டை வகுத்துத் தந்தது: ஆராதனை இறைவன் ஒருவருக்கே, உருவங்களுக்கும் திருப்பண்டங்களுக்கும் உரியது வணக்கம் மட்டும். உருவத்துக்குச் செய்யும் மரியாதை உருவத்தில் தங்காமல் அது சுட்டும் மூலத்தைச் சென்றடைகிறது என்பது அதன் நியாயம். ரசிகர் அன்பை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. பெரும்பாலான ரசிகர்கள் ஜோயி ராமோனிடம் மழை வேண்டுவதில்லை, நோய் தீரக் கேட்பதில்லை, மறுமை எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் செய்வது ஆராதனை அன்று. வணக்கம் என்றால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே மீதமுள்ள வினா. புனிதரின் எலும்பு புனிதரையும், புனிதர் இறைவனையும் சுட்டலாம். பங்க் பாடகரின் பொருள் அவரைச் சுட்டி அங்கேயே நின்றுவிட்டால், அவர் எந்த உயரத்தை மறுத்தாரோ அங்கேயே அவரைக் கொண்டுபோய் வைத்ததாகும். அவர் சுட்டிக்காட்டியது தன்னை அன்று. கேட்பவரின் கையால் முடியும் என்பதை. 1977-இல் இங்கிலாந்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற சிற்றிதழ் மூன்று கார்டுகளின் விரல் நிலைகளைக் கையால் வரைந்து அச்சிட்டு, இவ்வளவுதான், போய் ஒரு குழு தொடங்கு என்றது. பங்க் சமயமானால் அதன் வேதம் அந்த ஒரு பக்கம்தான்.

உருவ உடைப்பாளர்களுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் பிறந்த ஜோ கோரே, 2016 நவம்பர் 26 அன்று தேம்ஸ் நதியில் ஒரு படகில் தன் பங்க் சேகரிப்பைத் தீயிட்டார். உடைகள், அரிய ஒலிப்பதிவுகள் உட்பட 50 லட்சம் பவுண்டு பெறும் என்பது அவருடைய மதிப்பீடு. செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தனிப்பாடல் வெளியான நாற்பதாம் ஆண்டு நாள் அது. லண்டன் மேயர் அலுவலகமும் பெரிய பண்பாட்டு நிறுவனங்களும் ஆதரித்த 'பங்க் லண்டன்' விழாவுக்கு எதிர்ப்பு. கலகத்தை அருங்காட்சியகச் சரக்காக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. விற்று அறப்பணிக்குத் தந்திருக்கலாமே என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே, ஆனால் முக்கியக் குறை வேறு. பழைய துணி வெறும் துணிதான் என்று உண்மையாகவே நம்புகிறவர் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவார். நாள் பார்த்து, நதி நடுவே, கூட்டத்தையும் செய்தியாளரையும் கூட்டி எரிப்பவர் அந்தத் துணிக்குள் ஆற்றல் இருப்பதாக ஏற்றுக்கொண்டவர். பைசாந்திய உடைப்பாளர்களும் அப்படித்தான். உருவத்தின் வலிமையை வணங்குவோரைவிட அதிகம் நம்பியவர்கள் அவர்கள்.

குழுக்களின் போக்கிலும் இதே தடுமாற்றம் தெரியும். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1996-இல் மறுபடி கூடியபோது, பணத்துக்காகத்தான் என்பதை மறைக்காமல் சுற்றுப்பயணத்துக்கே இழிந்த காசு என்ற பொருள்படப் பெயர் வைத்தது. 2006-இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் தேர்ந்தெடுத்தபோது ஏச்சு நிறைந்த கைக்கடிதம் அனுப்பி மறுத்தது. ராமோன்ஸ் 2002-இல் அதே கௌரவத்தை மகிழ்ச்சியாக ஏற்றது; ஜோயி அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார். அமெரிக்கத் தரவரிசையில் 111-ஆம் இடத்தைத் தாண்டாத அவர்களின் முதல் ஆல்பம் 1976-இல் வெளியாகி, 38 ஆண்டுகளுக்குப் பின் 2014 ஏப்ரலில் தங்கத்தட்டு தகுதியை எட்டியது. தொடங்கிய நால்வரில் கடைசியாக எஞ்சிய டாமி அந்த ஜூலையில் காலமானார். புகழுக்காகத் தவித்த இந்தக் குழுவை, புகழை மறுத்த துறவிகளாக இன்று சித்திரிப்பது ரசிகர்கள் எழுதிய தலபுராணம்.

லண்டன் பங்க் குழுவான கிளாஷின் பால் சிமனன் 1979 செப்டம்பரில் நியூயார்க் மேடையில் தன் ஃபெண்டர் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்து உடைத்தார். பென்னி ஸ்மித் எடுத்த அந்தப் படம் 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் அட்டையாகி, ராக் இசையின் மிகத் தெரிந்த படங்களுள் ஒன்றாயிற்று. உடைந்த கிட்டார் துண்டுகள் 2019-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டன. உடைத்த செயலும் உடைந்த பொருளும் சேர்ந்தே திருப்பண்டமாகிவிட்டன என்றால், கோரே வைத்த தீயின் படங்களும் ஒருநாள் சட்டமிட்டுத் தொங்கும் என்று எதிர்பார்ப்பதே அறிவு. உடைப்பதால் உருவம் ஒழியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தத் துண்டுகள் வணக்கப் பொருளாகவோ விக்கிரகமாகவோ ஆகின்றன.

மரபுரிமை என்ற சொல்லுக்கும் இங்கேதான் பொருள் வருகிறது. சட்டப்படி ராமோன்ஸின் பெயரும் சின்னமும் ஜோயியின் தம்பிக்கும் ஜானியின் மனைவிக்கும் சரிபாதி. அவர்களுக்குள் வழக்குகளும் நடந்திருக்கின்றன. அது சொத்து. எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு வேறொரு உரிமை உண்டு. கிளாஷ் 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' குடியேறிகளையும், அமெரிக்கப் படைவீரர்கள் வியட்நாமில் விட்டுவந்த பிள்ளைகளையும் பற்றிய பாடல். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் வெளியிட்ட தன் 'கலா' ஆல்பத்தில் அந்தப் பாடலின் கிட்டார் ஒலியை வெட்டி எடுத்து அதன்மேல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலைக் கட்டினார். குடியேறிகளைப் பற்றி ஊரார் வைத்திருக்கும் அச்சங்களைக் கேலி செய்யும் பாடல் அது. கிளாஷின் மற்ற ரசிகர்கள் கிட்டாரின் துண்டுகளைப் பார்க்க வரிசையில் நின்றிருக்கலாம். இவர் ஒலியின் துண்டை எடுத்துப்போய் வேலை வாங்கினார். அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த அந்தப் பாடலை இயற்றியவர்கள் பட்டியலில் அருள்பிரகாசத்தோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் என்ற கிளாஷின் நான்கு பெயர்களும் இடம்பெற்றுள்ளன.